27-வது மாடிக்கு மாமன் சொல்ற புத்தி

மாப்ளே, பெங்களூரு பொம்மசந்திராவுல 27-வது மாடியில வீடு பாத்தாச்சு, டோக்கன் அட்வான்ஸ் குடுக்குறதுதான் பாக்கின்னு சொன்ன. ரொம்ப சந்தோசம். நம்ம வம்சத்துலயே அவ்வளவு ஒசரத்துல குடித்தனம் பண்ணப்போற மொத ஆளு நீதான். உங்க தாத்தன் ஏறின அதிகபட்ச ஒசரம் தேன்கனிக்கோட்டை பஸ்சோட மேல்கூரை. அதுக்கும் கண்டக்டர் டிக்கெட் போட்டுட்டான்.

அந்த புரோக்கர் குடுத்த வழுவழு நோட்டீஸையும் பாத்தேன். துபாய்ல இருக்கிற மாதிரி வாழலாம்னு போட்டிருக்கான். துபாய் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் ஒசரம். நிக்கிறது கடலோரம். நம்ம பெங்களூரு மேடு கடல்மட்டத்துக்கு மேல 900 மீட்டர் சொச்சம். அப்படின்னா, இப்ப இருக்கிற பொம்மசந்திரா லைன் வீட்டுத் தரையில நீ பாய விரிச்சுப் படுத்தாலே புர்ஜ் கலீஃபாவோட கொண்டைக்கு மேலதான் படுத்திருக்க. இத்தனை நாளா அந்த ஒசரத்துக்கு ஒரு பைசா தனியா வாங்காத உன் வீட்டுக்கார அம்மா அப்பாவி. அதுக்கு மேல இன்னொரு 80 மீட்டர் ஏறுறதுக்கு ஒரு கோடி கேக்குறானே, அவன் கெட்டிக்காரன்.

ஒசரமா கட்டுறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல. ராஜராஜன் 1010-லயே தஞ்சாவூர்ல 216 அடிக்கு விமானம் எழுப்பிட்டான். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டுல எல்.ஐ.சி. கட்டடத்த 1959-ல திறந்தப்ப, நாட்டுலயே ஒசந்த கட்டடம்னு கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போய்ப் பாத்தாங்க. அது 177 அடி. சிமெண்டு, கம்பி, லிஃப்டு எல்லாத்தையும் வச்சுக்கிட்டு, 949 வருசம் கழிச்சுக் கட்டியும் 39 அடி கம்மி! ஆனா ஒண்ணு, பெரிய கோயில் விமானத்துல குடியிருக்க எவனும் வீட்டு லோன் வாங்கல. புறாவுங்க இருந்துச்சு, அதுங்களுக்கு றெக்க இருந்துச்சு.

பெங்களூரு ரொம்ப நாளைக்கு அகலமாத்தான் வளந்துச்சு. கெம்பேகவுடா பேர் சொல்ற நாலு காவல் கோபுரத்தத் தாண்டி ஊரு போனா ஆகாதுன்னு ஒரு பழைய பேச்சு உண்டு. ஊரு கேட்டுச்சா? நாலு பக்கமும் தாண்டி ஓடிச்சு. 1973-ல எம்.ஜி. ரோட்டுல பப்ளிக் யுட்டிலிட்டி பில்டிங்னு 25 மாடி, 106 மீட்டர் எழும்புச்சு. தர்மபுரிப் பக்கத்துலேந்து கூலி வேலைக்கு வந்தவனெல்லாம் அண்ணாந்து பாத்துக் கழுத்து சுளுக்கிக்கிட்டான். அப்பறமும் ரொம்ப வருசத்துக்கு அதை மிஞ்ச ஆளில்ல. மண்ணு மலிவு ஒரு காரணம். ஊருக்கு நடுவுல ஹெச்.ஏ.எல். விமானம் ஏறி எறங்கிக்கிட்டு இருந்ததால, இவ்வளவுக்கு மேல ஒசத்தாதேன்னு போட்ட கட்டுப்பாடு இன்னொண்ணு. 2010 வாக்குல மல்லேஸ்வரம் பக்கம் வேர்ல்டு டிரேடு சென்டர் 32 மாடிக்கு வந்துச்சு. பன்னேர்கட்டா ரோட்டுல மந்திரி பினாக்கிள் 46 மாடி. 2025 ஆகஸ்டுல ஆர்.வி. ரோட்டுலேந்து மஞ்சள் மெட்ரோவும் பொம்மசந்திராவுக்கே வந்துடுச்சு. ரயில் வந்த எடத்துல மாடி வளராம என்ன செய்யும்?

ஆனா ஒசரத்துல ஆபீஸ் வேற, குடித்தனம் வேற. அமெரிக்காவுல ஓமஹான்னு ஒரு ஊரு. ஜனத்தொகை அஞ்சு லட்சங்கூட இல்ல. அங்க 2002-ல ஒரு பேங்கு 45 மாடி, 193 மீட்டருக்குக் கட்டிச்சு. அது ஆபீஸ். சாயங்காலமானா கதவ சாத்திட்டு வீட்டுக்குப் போயிடுவான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கொழந்தைக்கு வெந்நீர் வைக்கணும்னு எவனும் அங்க டேங்கர்காரனுக்கு போன் போட மாட்டான்.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. பெங்களூருக்குக் காவிரி 100 கிலோமீட்டர் தூரத்துலேந்து வருது. அதுவும் சும்மா வரல. படிப்படியா பம்பு வச்சு, ஏறக்கொறைய அர கிலோமீட்டர் மேல ஏத்துறாங்க. எறங்கி வர்ற காவிரிக்காக நாம கோர்ட்டுக்குப் போறோம், ஏறிப் போற காவிரிக்காக அவங்க கரண்டு பில்லு கட்டுறாங்க. 2024-ல அஞ்சாம் கட்டக் காவிரி வந்துச்சு. அது மாநகராட்சியில சேத்த 110 கிராமத்துக்கு. பொம்மசந்திரா அந்த எல்லைக்கு வெளிய, ஆனேக்கல் தாலுக்கா. உன் 27-வது மாடிக்கு எந்தத் தண்ணி, போரா, டேங்கரா, மாசம் என்ன செலவுன்னு கேட்டியா? நீச்சல் குளத்துப் போட்டோவ மட்டும் பாத்தியா?

இன்னொண்ணு. இதுல கேலி பண்ண மாட்டேன். 2010 பிப்ரவரியில, பழைய ஏர்போர்ட் ரோட்டு கார்ல்டன் டவர்ஸ்ல தீப்புடிச்சு, புகையில மூச்சடைச்சும் மேலேந்து குதிச்சும் 9 பேர் செத்தாங்க. அது வெறும் ஏழு மாடி. இப்ப ஃபயர் சர்வீஸ்காரங்க 90 மீட்டர் ஏணி வண்டி வாங்கி வச்சிருக்காங்க, 2023-ல வந்துச்சு. மாடிக்கு மூணு மீட்டர்னு போட்டா உன் வீட்ட எட்டும். ஆனா அந்த வண்டி டவுன்லேந்து சில்க் போர்டு சிக்னலத் தாண்டி வரணும். அதனால மாடிப்படிய நீயே ஒரு தடவ நடந்து எறங்கிப் பாரு. படியில எவன் வீட்டு செருப்பு ஸ்டாண்டு, எவன் வீட்டு சைக்கிள் கெடக்குதுன்னு எண்ணு. தீப்புடிச்சா ஒதுங்கி நிக்கிற ரெஃப்யூஜ் ஏரியா எந்த மாடியிலன்னு கேளு. அங்க பழைய சோபா போட்டு வச்சிருந்தா, வந்த வழியே திரும்பிடு.

சரி, கணக்குக்கு வா. ஃப்ளோர் ரைஸ்னு மாடிக்கு மாடி சதுரடிக்கு ஏத்துவான். ஒரு பேச்சுக்கு 30 ரூவான்னு வை. அஞ்சாவது மாடிக்கு மேல 22 மாடி, 1,400 சதுரடி. 9 லட்சத்து 24 ஆயிரம். எதுக்கு? காத்துக்கு. அந்த மாடிக் காசுல பத்து கறவ மாடு புடிக்கலாம், காத்து இலவசம்.

அந்தக் காசு போனா போவுது. மண்ணு எவ்வளவு? ஒரு ஏக்கரால 200 வீடு கட்டினா உன் பங்கு அர சென்ட், 218 சதுரடி. அதைத்தான் யு.டி.எஸ்.னு பத்திரத்துல எழுதுவான். கட்டடத்துல மாடி கூடக் கூட அந்தப் பங்கு இளைக்கும். எங்க மாட்டுக் கொட்டாய் ரெண்டு சென்ட். ஒரு கோடி குடுத்து, என் செவலப் பசுவ விடக் கம்மியா நெலம் வச்சிருக்கிற மாப்ளேன்னு ஊர்ல நான் எப்படிச் சொல்லுவேன்?

வாங்காதேன்னு சொல்ல வரல. எம் மக உன் பின்னாடி எந்த மாடிக்கும் வருவா. யு.டி.எஸ். எத்தன சதுரடி, ஃபயர் என்.ஓ.சி., தண்ணி எங்கேந்து, கட்டி முடிச்சதுன்னா குடியேறலாம்னு குடுக்கிற ஓ.சி., முடியலன்னா ரெரா நம்பர், இத்தனையும் வாய்ச்சொல்லா இல்லாம காகிதமா வாங்கிக்கிட்டு ஞாயித்துக்கெழம ஊருக்கு வா. சரியா இருந்தா கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்னும் நானே ஓட்டிக்கிட்டு வரேன். அதுங்க லிஃப்டுல ஏறலாமான்னு மட்டும் அசோசியேஷன்ல முன்கூட்டியே கேட்டு வச்சிரு.