தலைமை தாங்கும் பிற நபர்

சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967-இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-அ பிரிவு மிகச் சிக்கனமானது. இருவரும் புரிந்த மொழியில் உறுதி கூறலாம், மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும். உறவினர், நண்பர் அல்லது பிற நபர்கள் முன்னிலையில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நிமிடக் காரியத்தை நாகமலை புதுக்கோட்டை மண்டபங்கள் பொறுப்போடு முழு நாளாக வளர்த்திருக்கின்றன. தலைமை தாங்குபவருக்கு நாற்பதடி பிளக்ஸ். மணமக்கள் அதன் கீழ் மூலையில், தபால்தலை அளவில். ராகுகாலம் பார்ப்பது மூடநம்பிக்கை என்பதால், அவருடைய கார் தேனி சாலையிலிருந்து மண்டபத்துக்குள் திரும்பும் நேரமே முகூர்த்தம். தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தொகுதி வளர்ச்சி குறித்து அவர் பேசி முடிப்பதற்குள் முதல் பந்தி ரசத்துக்கு வந்திருக்கும். வீடியோக்காரர் கேட்டால் தாலி மறுபடியும் கட்டப்படும். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

தலைமை தாங்குபவர் என்றொருவர் அந்தப் பிரிவில் இல்லை. அவர் ‘பிற நபர்கள்’ கணக்கில் வருகிறார், பந்தியில் இலை எடுப்பவரோடு.

2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு பிளக்ஸைக் கொண்டுபோகத் தேவையில்லை.