பதினஞ்சு பேர் ஊட்டுன ராசாத்தி

என்ன பேராண்டி, சொந்தக் கால்ல நின்னு மேல வந்தவனாமே நீ? நல்லா இரு. புத்தி சொல்ற வயசு எனக்கு இருந்தாலும் கேக்குற வயசு உனக்கு இல்ல, அதனால புத்தி சொல்லல. ஈயைப் பத்திச் சொல்றேன். உன் அத்தை மக அதைத்தான படிக்கிறா, அவ புண்ணியத்துல எனக்கும் நாலு விஷயம் தெரியும்.

அழுகுன வாழைப்பழத்தைச் சுத்துமே பொடி ஈ, டுரோசோபிலா. அது சூலகத்துல ஒத்தைச் செல்லு நாலு தரம் பிரிஞ்சு 16 ஆகுது. முழுசாப் பிரியாது, செல்லுக்குச் செல்லு வளையம் மாதிரி வாசல் விட்டுவச்சிருக்கும். ரெண்டே ரெண்டு செல்லுக்கு மட்டும் நாலு வாசல். அதுல ஒருத்திதான் முட்டை. மத்த 15 பேரும் அவளுக்கு ஆக்கிப் போடுற செல்லுக.

'இவளுக்கு அப்படி என்ன தகுதி?'ன்னு கேட்டேன். 'சரக்கு அவகிட்ட வந்து சேருது தாத்தா, அதான்'ன்னா. டைனீன்னு ஒரு மோட்டார் புரதம், மண்டிச் சுமைக்காரன் கணக்கா. செல்லுக்குள்ள நுண்குழாய்ப் பாதை போட்டிருக்கு, அதும்மேல எட்டு வச்சு நடக்குறான். ஒரு எட்டுக்குப் பெரும்பாலும் 8 நானோமீட்டர். மில்லிமீட்டருல பத்து லட்சத்துல எட்டுப் பங்கு. கூலி ஏடிபி, செல்லோட எரிபொருள். ரொக்கம், கடன் கிடையாது.

சுமைக்காரனுக்குத் தலையில மூட்டை ஏத்திவிட ஆள் வேணுமில்ல? ஈகலிட்டேரியன்னு ஒரு புரதம் ஆர்.என்.ஏ. மூட்டையைப் பிடிச்சுக் குடுக்க, பைக்காடல்-டி அதை டைனீனோட கோத்துவிடுது. இந்த ரெண்டுல ஒண்ணு கெட்டாலும் போச்சு: பதினாறு பேரும் ஆக்கிப் போடுறவங்களாவே நின்னுடுவாங்க. அடுப்பு பதினாறு, சாப்பிட ஆள் இல்ல! வாசல் நாலு இருந்தும் ராசாத்தி ராசாத்தி ஆகல பாத்தியா.

சரக்கு வந்தாப் போதாது, இடமும் சரியா இருக்கணும். பைக்காய்டுங்கிற ஆர்.என்.ஏ. முட்டையோட முன்பக்கம், அங்கதான் தலை. ஆஸ்கர் பின்பக்கம், அதைக் கொண்டுபோறது கைனீசின்னு இன்னொருத்தன். 1992ல ஆன் எஃப்ருசியும் ரூத் லேமனும் வேணும்னே ஆஸ்கரை முன்பக்கம் சேர விட்டுப் பாத்தாங்க. தலை வரவேண்டிய எடத்துல இன்னொரு பின்பக்கம் முளைச்சிருச்சு. அந்த மாதிரி ஆளுகளை நானும் ஊர்ல பாத்திருக்கேன், பேர் வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2022ல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல கெல்ஃபாண்ட்ங்கிற விஞ்ஞானியோட ஆளுக கண்டது. ஊட்டுற செல்லோட சுவத்துல டைனீன் சாஞ்சு நின்னுக்கிட்டு, பாதையில நடக்காம பாதையையே பிடிச்சுத் தள்ளுறானாம். குழாய் நகர, கூடவே செல்லுக்குள்ள இருக்குற கூழும் வாசல் வழியா முட்டைக்குள்ள ஓடுது. யாரும் தூக்காத சரக்கும் அந்த ஓட்டத்துல போய்ச் சேந்துடுது. என்ன சாமர்த்தியம்! நின்ன எடத்துலயே வேலை முடியுது. உங்க ஆபீஸுல இப்படி ஒருத்தன் இருந்தா மேனேஜர் தூங்குறான்னு சீட்டுக் கிழிச்சிருப்பான்.

கடைசியில அந்தப் பதினஞ்சு பேரும் மிச்சம் மீதியைப் பிழிஞ்சு முட்டைக்குள்ள ஊத்திட்டுச் செத்துப்போறாங்க. முட்டை அரை மில்லிமீட்டருக்குப் பருத்து, ஓடு போட்டுக்கிட்டு வெளிய வருது. அது யாரைக் கேக்கப்போகுது?

அது கெடக்கட்டும். நீ காலேஜ் சேந்தப்ப உங்க அக்கா கழட்டிக் குடுத்த வளையல் இன்னும் அடகுக் கடையிலதான இருக்கு? வட்டி எம்புட்டு ஆச்சு?