ஹீலியோஸுக்கு வந்த வாழ்வு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கோஷ்டியில் கேமரா வைத்திருந்தவர்களைவிட கேமரா ஆசை வைத்திருந்தவர்களே அதிகம். ஒருவரிடம் பென்டாக்ஸ் கே1000. இன்னொருவரிடம் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ரஷ்ய ஜெனிட். கூடவே ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. லென்ஸ். யார் கேட்டாலும் அதை உடனே இரவல் கொடுத்துவிடுவார். தாராள மனசு என்று நினைத்தோம். திரும்பி வராமல் இருந்தால் தேவலை என்பது அவருடைய உள்மனசு.

காரணம் அந்த லென்ஸின் சுழல். எஃப்/2-ல் முழுக்கத் திறந்து, பின்னால் இலைதழை இருக்கும்படி ஆளை நிறுத்தினால், ஆள் அசையாமல் நிற்பார். பின்னணி அவரைச் சுற்றி ராட்டினம் ஆடும். ஓரமாக வருகிற ஒளியில் கொஞ்சத்தை லென்ஸின் குழலே மறைத்துவிடுகிறது. நடுவில் வட்டமாக விழுகிற ஒளிப்பொட்டுகள் ஓரத்தில் நசுங்கி, மையத்தைச் சுற்றி வரிசை கட்டுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் டீக்கடை பெஞ்சில் பிரிண்டுகள் கைமாறும். லேப்காரர் சும்மா தரும் பிளாஸ்டிக் ஆல்பத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவி, "ஓரத்தைப் பிடிப்பா, விரல் படப்போகுது" என்ற எச்சரிக்கையோடு. 36 படத்தையும் எடுத்து முடித்து, கழுவி, பிரிண்ட் போட்டு வருவதற்குள் எதை ஏன் எடுத்தோம் என்பதே மறந்திருக்கும். அறுபத்துமூவர் உற்சவத்தில் எடுத்த பூக்காரப் பாட்டியின் படத்தை எங்கள் கோஷ்டியின் மூத்தவர் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "பாட்டி பிரமாதம்யா. பின்னாடிதான் தலை சுத்துது. நாலு ஸ்டாப் குறைச்சு எடுக்கக் கூடாதா?" அதன்பின் ஜெனிட்காரரின் பிரிண்டுகளின் முதுகில் பென்சிலில் எஃப்/8 தவிர வேறொன்றும் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை. பேச்சு பாட்டிக்குப் போய்விட்டது: எந்த ஊர்க்காரி, எந்தக் காலத்திலிருந்து அங்கே பூ விற்கிறாள். லென்ஸைப் பற்றி மேற்கொண்டு பேச எங்களிடம் சரக்கு இல்லை.

2008-ல் பானசோனிக் ஜி1 வந்து, கேமராவுக்குள்ளிருந்த கண்ணாடியைக் கழற்றி எறிந்தது. அந்தக் கண்ணாடி எழும்பி இறங்க இடம் விட்டு, பழைய எஸ்.எல்.ஆர்.களில் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45 மி.மீ. போலத் தள்ளி உட்கார்ந்திருந்தது. சோனியின் இ-மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. மிச்ச இடைவெளியில் ஓர் அடாப்டர் வளையத்தைச் செருகினால், பரணில் கிடக்கும் லென்ஸ்கள் அநேகமாக எல்லாமே பொருந்திவிடும். வந்திருப்பது யாரென்று கேமராவுக்குத்தான் தெரியாது. திரையில் 'எஃப்--' என்று கோடு போட்டுக் காட்டும். லென்ஸ் இல்லாமலே கிளிக் செய்யலாம் என்று மெனுவில் போய் அனுமதி கொடுத்தால்தான் வழிக்கு வரும்.

இப்போது ஞாயிறு காலைகளில் எங்களோடு நடக்கும் ஐ.டி. தம்பி, 33 மெகாபிக்சல் சோனியில் ஹீலியோஸைத் திருகிக்கொண்டு வருகிறான். "சார், ஸ்வர்ல் பாருங்க. வேற லெவல்!" இந்த வருஷத்து அறுபத்துமூவர். படத்தில் ஒரு பூக்கார அம்மாவும் இருந்தார். கேள்விகள் வரிசையாக வந்தன: எஃப்/2-ஆ, அடாப்டர் என்ன விலை, உள்ளே பூஞ்சை உண்டா, ரஷ்யாவிலிருந்து வரவழைத்ததா. அந்த அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. 33 மெகாபிக்சலை வாட்ஸ்அப் நீளவாக்கில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கி எல்லாருக்கும் அனுப்பியது. அதை போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கி, மூலையில் ஷார்ப்னஸ் போதாது என்றார் ஒருவர்.

அவர் சொன்னால் தட்ட முடியாது. மூலைமுடுக்கெல்லாம் ஷார்ப்பான லென்ஸை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவர். அந்தக் கூர்மையை மழுக்க அதன் முன்னால் பிளாக் மிஸ்ட் ஃபில்டரும் மாட்டியிருக்கிறார். ஃபியூஜிக்காரர் மெனுவில் கிரெய்னைத் தேடி 'ஸ்ட்ராங்' வைக்கிறார். ஆர்வோ ஃபிலிமில் இதே பொரிப்பொரி வந்ததற்கு அன்று மூத்தவரிடம் நாங்கள் வாங்கிய திட்டை எழுத்தில் போட முடியாது.

இன்னொருவரிடம் பழைய டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4. அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது (நம்ம மணவாளக்குறிச்சி மணலில் கிடக்கும் அதே சமாசாரம்). வருஷம் ஆக ஆகப் பழுப்பேறும். புற ஊதாக் கதிர் பட்டால் தெளியும் என்று மொட்டை மாடியில் வடாம் பக்கத்தில் காயவைத்தார். "ஐயோ, வார்ம் டோன் போயிடுமே!" என்று பதறினார்கள். வெள்ளைச் சமநிலையை மாற்றினால் எந்த டோனும் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

போன வாரம் காசிமேடு. விடியலில் ஏலம், ஐஸ் உடைக்கும் சத்தம், தலையில் கூடையோடு ஓட்டம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம். தம்பி சீக்கிரமே கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டான். படகும் வலையும் சரியாகச் சுழலவில்லையாம். அடுத்த ஞாயிறு செம்மொழிப் பூங்கா என்று ஏகமனதாக முடிவாகியிருக்கிறது. அங்கே இலை ஜாஸ்தி.