ஜப்பான் பாட்டு ரசிகர்

ஜப்பான் பாட்டு ரசிகர் என்னும் இனம் காஞ்சிபுரத்தில் பெரும்பாலும் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளின் கல்லாவையொட்டி வாழ்கிறது. முப்பதைத் தாண்டிய வயது, அப்பா இன்னும் கைவிடாத சாவிக்கொத்து, ஒரு காதில் மட்டும் செருகிய இயர்போன் ஆகியவை இவருடைய அடையாளங்கள். இன்னொரு காது வாடிக்கையாளருக்கு, அதுவும் பெயரளவில்தான்.

இவரைப் பிடித்துக்கொண்ட பாட்டு மிகி மட்சுபாரா பாடிய 'மயோனகா நோ டோர்'. பிரிந்துபோன காதலனை நினைத்து ஒருத்தி உருகுகிறாள். தாளமோ கேட்பவர் காலை ஆட்டவைக்கிறது. சோகத்தை இழுக்காமல் துள்ளவிட்டதில்தான் அதன் அழகே இருக்கிறது. தெட்சுஜி ஹயாஷியின் இசையில் 1979 நவம்பரில் அது வெளியானபோது பாடகிக்கு இருபது வயது நிறையவில்லை. 2020 கடைசியில் டிக்டாக்கும், இந்தோனேசியப் பாடகி ரைனிச் அதைப் பாடி வெளியிட்ட காணொளியும் பாட்டை உலகம் சுற்றவைத்தன. இந்தியாவில் அதற்குள் டிக்டாக்குக்குத் தடை வந்துவிட்டதால், காஞ்சிக்கு யூடியூப் வழியாகச் சற்றுத் தாமதமாகவே வந்தது. ஊரில் முதலில் கேட்டவர் தாம்தான் என்பதில் ரசிகருக்கு ஐயமே இல்லை.

பாட்டில் இவருக்குப் புரிவது இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும்.

"அந்தப் பொண்ணு என்னாத்துக்குடா இப்படி உருகுது?" என்பார் தாயார்.

"அர்த்தம் பாக்கக் கூடாதும்மா, அனுபவிக்கணும்."

"அனுபவிச்சது போதும். வாசல்ல தறிக்காரரு கூலிக்கு நிக்கிறாரு, போ."

சங்கீத வித்துவான் நாயனாப் பிள்ளை வாழ்ந்த ஊரில் ராகம் சொல்லாமல் எதையும் ரசித்துவிட முடியாது. ஆகவே முதல் வாரம் மோகனம் என்பார், அடுத்த வாரம் சிவரஞ்சனி. நாகஸ்வரக்காரர் ஒருவரைப் பிடித்துக் கேட்டால், "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, ராகத்த மட்டும் விட்டுடுங்க" என்று பதில் வரும்.

ஆராய்ச்சி முற்றும்போது தலபுராணம் பிறக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் 1979இல் அனந்தசரஸ் குளத்துக்குள் சென்று 2019இல் எழுந்தருளினார். பாட்டும் அதே 1979இல் வந்து, மூழ்கி, நாற்பது ஆண்டு கழித்து மேலே வந்தது. இந்தப் பொருத்தத்தைச் சின்ன காஞ்சிபுரத்தில் சத்தமாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளாத ரசிகர் இல்லை. பாட்டின் மறுவாழ்வைப் பார்க்காமல் மட்சுபாரா 2004இல், 44 வயதில் இறந்துபோனதைச் சொல்லும்போது மட்டும் இவர் குரல் உண்மையாகவே இறங்கும். அந்த நேரத்தில் இவரைக் கேலி செய்வது தகாது.

ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து ஜப்பானியப் பொறியாளர் யாராவது மனைவிக்குப் புடவை எடுக்க வந்தால் அன்று ரசிகருக்குத் திருவிழா. கடை ஒலிபெருக்கியில் பாட்டு ஏறும். வந்தவர் பணிவாகத் தலையாட்டி, இது அம்மா காலத்துப் பாட்டு என்று சொல்லிவிட்டு, சரிகையில் எத்தனை பங்கு வெள்ளி என்று கேட்பார். ஜப்பான்காரனுக்கே ஜப்பான் இசை தெரியவில்லை என்ற செய்தி சாயங்காலத்துக்குள் பிள்ளையார்பாளையம் வரை போய்விடும்.