மழைக்கு ஒதுங்கிய மாவீரர்

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சைக்கிளில் போகிறவரை வெயிலில் பார்த்துப் பிரயோஜனமில்லை. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சர்ரென்று போய்விடுவார். முழு ஆளையும் பார்க்க வேண்டுமானால் நவம்பரில், திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே, ஒரு டீக்கடைக் கீற்றுக் கொட்டகையில் அடைமழைக்குள் வைத்துப் பிடிக்க வேண்டும்.

பருவமழைக் காலத்தில் ஏன் கிளம்பினார் என்று கேட்டுவிடாதீர்கள், விளக்கிவிடுவார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே போகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளும். கணக்கு சரிதான். அந்தக் காற்று தனியாக வராது என்பதைத்தான் சேர்க்க மறந்தார்.

முதல் அரைமணி நேரம் ஒரே குஷி. சைக்கிளைச் சாய்த்து வைத்துப் படம் எடுப்பார். சீட்டுக்குப் பரோட்டாக் கடைப் பாலிதீன் பையில் முக்காடு. பிறகு ஷூவைக் கழற்றி, ஈரம் உறிஞ்சக் கடையின் செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பார். வானிலை அறிக்கை அதில்தான் இருந்தது என்பது அப்புறம்தான் தெரியவரும். இடது ஷூவிலிருந்து உருவி, நீவிப் படிப்பார். ஓரிரு இடங்களில் கனமழை. தொடர்ச்சி வலது ஷூவில்.

அடுத்து செல்போன். ஐரோப்பிய வானிலை மாடல் நாளைக்கு மழை விடும் என்கிறது. அமெரிக்க மாடல் நாளை மறுநாள் என்கிறது. இரண்டையும் டீ மாஸ்டருக்குக் காட்டுவார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலுக்குக் கூரையைப் பறிகொடுத்த மாஸ்டர், பாய்லர் பக்கத்திலிருந்தே வானத்தை ஒரு பார்வை பார்த்து, "சுழி கரையேறுற வரைக்கும் விடாது தம்பி" என்பார். நாகப்பட்டினத்தில் மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு என்பார் பெஞ்சில் இருக்கும் பெரியவர். கூண்டு மொத்தம் 11 வரை உண்டு என்று நம்மவர் தகவல் சொல்வார். கேட்டவர் யாருமில்லை.

"வேளாங்கண்ணிக்கு வேண்டுதலா தம்பி?"

"இல்லங்க. சும்மா."

"சும்மாவா!" பெரியவர் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

இந்த நேரம் பார்த்துத்தான் பால்காரர் வந்து சேருவார். பழைய ஹெர்குலிஸ், இரண்டு பக்கமும் கேன், தலையில் உரச்சாக்குக் கொங்காணி. நம்மவரின் மழைக்கோட்டு விலையில் அந்த மாதிரி சைக்கிள் நாலு வாங்கலாம். வியர்வையை வெளியே விடும், மழையை உள்ளே விடாது என்று சொல்லித்தான் அதை அவர் தலையில் கட்டினார்கள். இப்போது இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. பால்காரர் டீயைக் குடித்துவிட்டு அதே மழையில் மிதித்துப் போய்விடுவார். கொஞ்ச நேரத்துக்குக் கடையில் யாரும் நம்மவர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். டெல்டாக்காரர்களுக்கு மரியாதை தெரியும்.

மீன் ஏற்றிப்போகும் மினி லாரிக்காரர் மட்டும் மனசு கேட்காமல், "தூக்கிப் போடுங்க சார், ராமநாதபுரத்துல எறக்கி விட்டுர்றேன்" என்பார். நம்மவர் முகம் வெளிறிவிடும். லாரியில் ஏறினால், போன வழியைப் பதியும் ஸ்ட்ராவா ஆப்பில் கோடு அறுந்துவிடுமே! ஆபீஸில் ஏற்கெனவே சிலர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், குறிப்பாகப் பந்தயம் கட்டியவர். ஆகவே லாரி போய்விடும். இன்றைக்குப் போகாத 110 கிலோமீட்டர் கந்துவட்டி மாதிரி நாளைய கணக்கில் ஏறும். ஏறியதைத் துண்டுச்சீட்டில் எழுதி, கூட்டி, வீட்டுக்குப் போன் பண்ணி, "எல்லாம் பிளான்படிதான் போகுது" என்பார்.

சாயங்காலம் மழை விட்டுவிடும். கொட்டகை மொத்தமும் அவரையே பார்க்கும். மாஸ்டர் டீக்கணக்கைக்கூடச் சொல்லிவிடுவார். நம்மவர் ரோட்டோரம் போய் நின்று, தென்னங்கீற்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று வெகுநேரம் பார்ப்பார். சுழி வடக்கே கடலூர்ப் பக்கம் கரையேறியிருக்கிறது. இத்தனை நாள் முதுகைத் தள்ளிய காற்று திசை மாறி, இப்போது தென்மேற்கே முத்துப்பேட்டையிலிருந்து நேராக மூஞ்சிக்கு வருகிறது.

திரும்பி வந்து, ஷூவை மறுபடி கழற்றுவார்.

"எதிர்க்காத்துண்ணே. இன்னொரு டீ போடுங்க."