நகரும் அடுப்பங்கரையில் வாட்டும் வயிறும்: சிறுவாச்சூர் முதல் வாரணவாசி வரை ஓர் ஆய்வு

கோயில் கல்வெட்டுகளைப் படித்துச் சோழர் காலத்து நெய் அளவையே கணக்கிட்டுவிட்டது தமிழ் அறிவுலகம். வேன் பயணத்தில் சமைத்துச் சாப்பிடக் கிளம்புகிறவர் எந்த அடுப்பை ஏற்றிக்கொள்வது என்ற கேள்விதான் இன்னும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. களம், பெரம்பலூர் அரியலூர் மாவட்டங்கள். அரியலூர் 2001-இல் பெரம்பலூரை விட்டுப் பிரிந்தது, 2002-இல் மீண்டும் சேர்ந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. டெர்மினல் லூசான பேட்டரி போல விட்டுவிட்டு இணைந்த வரலாறு இது. மின்சாரத் தட்டுப்பாட்டை ஆராய இதைவிடப் பொருத்தமான களம் அமையாது.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். ஆகவே வேன்களும் அந்த நாட்களில்தான் கும்பலாக நிற்கும். ஆய்வாளனுக்கு அலைச்சல் மிச்சம். முன்பெல்லாம் வண்டியின் மேல் அண்டாவும் கரண்டியும் ஏறும். இப்போது இன்வெர்ட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் சீட்டுக்கு அடியில் ஏறிவிட்டன. இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2000 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 167 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 1200 வாட்-மணி. ஈய பேட்டரி பிழைத்துக் கிடக்க வேண்டுமானால் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பாதியும் பதினெட்டே நிமிடத்தில் தீரும். அதற்குள் சாம்பாரில் பருப்பு வெந்திருக்காது. "அண்ணே, செல்ஃப் எடுக்கலண்ணே" என்று டிரைவர் எட்டிப் பார்ப்பார். சாம்பார் சாப்பிட வந்தவர்கள் வண்டி தள்ளுவார்கள்.

வாட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நேரத்தைப் பார்ப்பதில்லை என்பதே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. 2011-இல் அரசு தொடங்கிய விலையில்லா மிக்சித் திட்டத்துக்குப் பிறகு மிக்சி இல்லாத வீடு அரிது. அது போடும் சத்தத்தைக் கேட்டு, வேனில் அதை ஓட்டினால் பேட்டரியே செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 550 வாட் மிக்சி ஒரு சட்னிக்கு மூன்று நிமிடம் ஓடினால் செலவு சுமார் 27 வாட்-மணி. ஒரு சத்தமும் இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் 700 வாட் மின்சார ரைஸ் குக்கரோ அரை மணியில் 350-ஐ விழுங்கிவிடும். அம்மிக்கு 0 வாட்தான். ஆனால் டீசல் செலவு அதன் எடையில் ஒளிந்திருக்கிறது. அரியலூர்க் கல்தானே மலிவு என்று யாராவது சுண்ணாம்புக்கல்லில் அம்மி கொத்தினால் சட்னியில் சிமெண்டின் மூலப்பொருள் கலக்கும்.

விறகு வகையும் ஆராயப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத்தின் மிகப் பெரிய கட்டை சாத்தனூரில் கிடக்கிறது: 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயது. நன்றாகக் காய்ந்தும் இருக்கிறது. ஆனால் கல்லாகிவிட்டதால் பற்றாது, பற்றினாலும் அரசு விடாது.

எஞ்சியவை ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பும் தெர்மல் குக்கரும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 81 வாட்-மணி போதும். அதே தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போக 627 வேண்டும். ஆக, கொதித்த பிறகும் அடுப்பை எரியவிடுவது ஆகாயத்துக்குச் சோறு போடுகிற வேலை. அரிசி கொதித்துச் சில நிமிடம் ஆனதும் பாத்திரத்தைத் தூக்கித் தெர்மல் குக்கரின் வெளிப்பெட்டியில் வைத்து மூடினால், பிடித்துவைத்த சூட்டிலேயே மிச்சம் வேகும். வேன் வாரணவாசிப் பக்கம் போய் அருங்காட்சியகத்தில் நத்தைக் கூடுகளின் புதைபடிவங்களைப் பார்த்துத் திரும்புவதற்குள் வடிக்கப் பதமாக இருக்கும். சிலிண்டரை மட்டும் வெளியே இறக்கி வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, வேனின் தரையிலேயே தங்கிவிடும். இதில் ஆய்வாளன் விளையாடத் தயாரில்லை.

அப்பளம் இக்கட்டுரையின் வரம்புக்குள் வரவில்லை. அதைச் சுடுவதா பொரிப்பதா என்பது மேலாய்வுக்கு உரியது. நிதிநல்கை வழங்குவோர் நிதியைக் கடலை எண்ணெயாகவும் தரலாம்.