போனது முப்பது கிலோ, எண்ணுதது முப்பது முடியா?

ஏலே மக்கா, இங்க வா. அந்தத் தொப்பியக் கழத்திட்டு உக்காரு. நம்ம மணப்பாட்டுக் காத்துல தொப்பி போட்டு தலைய மறைச்சவன் எவனும் கெடையாது. தொப்பியத் தொரத்திக்கிட்டு கடக்கரையில ஓடுனவன்தான் உண்டு.

போன வருசம் நீ எப்படி இருந்த? சிலுவக் கோயில் மேட்டுல ஏறி முடிக்கதுக்குள்ள மூணு எடத்துல நின்னு கடலப் பாப்ப. ரசிக்குதேன்னு சொல்லுவ. மூச்சு வாங்குதுன்னு ஊருக்கே தெரியும்லா? சக்கர ஒரு பக்கம், பிரஷர் ஒரு பக்கம். பொறவு பட்டணத்துக்குப் போயி வயித்தச் சுருக்குத ஆபரேஷன் பண்ணிட்டு வந்த. முப்பது கிலோ போயிட்டு. சக்கர மாத்திர பாதியாயிட்டு. இப்பம் அந்த மேட்டுல நிக்காம ஏறுத.

சந்தோசப்படுவன்னு பாத்தா, குளிக்குத எடத்துல குத்த வச்சு முடிய எண்ணிக்கிட்டு ஒப்பாரி வைக்கிய. ஏன்லே, முப்பது கிலோ போனப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா? முப்பது முடிக்கு இம்புட்டு அழுகையா?

ஒன் அறைய எட்டிப் பாத்தேன். வெங்காய எண்ண. கருஞ்சீரக எண்ண. ரோஸ்மேரி எண்ண. பயோட்டின் மிட்டாய். கெரட்டின் ஷாம்பு. தலையில கவுத்துனா செவப்பு வெளிச்சம் அடிக்குத ஒரு சட்டி வேற. சவேரியார் 1542-ல இந்தக் கரைக்கு வந்து, அன்னா அந்தக் குகையில கெடந்தாரு. கூட எத்தன பாட்டிலு எண்ண கொண்டாந்தாருன்னு எவனும் எழுதி வைக்கல. அந்த வெங்காயம் கொழம்புக்குப் போயிருந்தா கொழம்பாவது ருசிச்சிருக்கும்.

சரி, ஏன் கொட்டுதுன்னு யோசிச்சியா? எண்ண பத்தலன்னு கொட்டுதா? ஷாம்பு சரியில்லன்னு கொட்டுதா? எம் பேத்தி நர்சு வேல பாக்குதா. அவ எனக்குப் பொறுமையாச் சொன்னத நான் ஒனக்குச் சொல்லுதேன், கேட்டியா.

ஒரு மனுசன் தலையில ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. ஒவ்வொரு முடியும் சில வருசம் வளரும், பொறவு சுமார் மூணு மாசம் சும்மா கெடக்கும், பொறவு விழும். அதே குழியில புதுசு மொளைக்கும். நல்லா இருக்குத மனுசனுக்கே தெனமும் அம்பதுலருந்து நூறு வரைக்கும் உதிரும். நீ முன்னாடி எண்ணல, அதனால கொட்டலன்னு நெனச்ச.

இப்பம் ஒனக்கு என்ன செஞ்சாங்க? வயித்த நெடுக வெட்டி, நாலுல மூணு பங்குக்கு மேல எடுத்துப் போட்டுட்டாங்க. மிச்சம் இருக்கது வாழக்காத் தண்டிக்கு ஒரு கொழாய். தட்டு நெறய தின்னவன் நாலு கரண்டியோட எந்திரிக்க. ஒடம்புக்கு இது எப்படி இருக்கும்? கத்திக்காயம் ஆறணும். வரவு திடீர்னு வத்திப் போச்சு. எட மளமளன்னு எறங்குது.

ஏப்ரல் 15 வந்தா நம்ம கரையில என்ன நடக்கு? ஜூன் 14 வரைக்கும், 61 நாளு, விசைப்படகு கடலுக்குப் போவக் கூடாதுன்னு தடை. முன்ன 45 நாளா இருந்தது, 2017-ல கூட்டிட்டாங்க. நாட்டுப்படகு மட்டும் போயிட்டு வரும். ஒடம்பும் அப்படி ஒரு தடைக்காலம் போட்டுட்டு மக்கா. இருதயம், மூளை, ஈரல் எல்லாம் நாட்டுப்படகு; அது ஓடித்தான் ஆவணும். முடி வளக்குதது விசைப்படகு. ‘டீசலு கம்மி, நீ கரையில கெட’ன்னு சொல்லிட்டு. கரையில கெடக்குத படகப் பாத்து, கடலே செத்துப் போச்சுன்னு எவனாவது மாரடிப்பானா?

வேரு சாவல. அத மொதல்ல மண்டையில ஏத்து. மண்டைக்கு மேல இருக்கத அப்புறம் பாப்போம்.

ஆபரேஷன் அன்னைக்கு ஓய்வுக்குப் போன முடி, மூணு மாசம் கழிச்சுத்தான் விழும். அதான் ஒனக்கு மூணாவது நாலாவது மாசத்துல கொட்ட ஆரம்பிச்சுது. நீ என்ன செஞ்ச? அன்னைக்கு மாத்துன ஷாம்புவப் பழிச்ச. ஊர்த் தண்ணி உப்புன்னு பழிச்ச. இந்தத் தண்ணியிலதான ஒங்க ஆச்சி தல முழுகுனா? அவ கொண்ட எத்தாந்தண்டி இருந்துதுன்னு ஒங்க அப்பன்கிட்ட கேளு.

டாக்டர் சீட்டுல டெலோஜன் எஃப்ளூவியம்னு எழுதுவாரு. பேரப் பாத்து வெறச்சுப் போவாத. நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கு இது பழைய சங்கதி. பிள்ள மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்னு சொல்லுவாங்கள்லா? பிள்ள சிரிப்புக்கும் தாய் முடிக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் கெடையாது. பேறு முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல பிள்ள சிரிக்கும். அதே கணக்குலதான் முடியும் விழும். டைபாய்டு வந்து எந்திரிச்சவனுக்கும் அப்படித்தான். கொரோனா வந்து பொழச்சவனுக்கும் அப்படித்தான். பட்டினி கெடந்து எளச்சவனுக்கும் அப்படித்தான். 2025-லருந்து நம்ம நாட்டுல மவுஞ்சாரோ ஊசி போட்டு எளைக்கானுவள்லா? அவனுவள்ல சில பேரும் கொஞ்ச நாள்ல சீப்பப் பாத்து முழிப்பானுவ. எட வேகமா எறங்குனா தல அதுக்கு வரி கட்டும்.

எம்புட்டு நாளு கொட்டும்? மூணுலருந்து ஆறு மாசம். பாதித் தலைக்கு மேல போறது அபூர்வம். பொறவு தானா அடங்கும். ஒரு வருசம் ஆவும்போது நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா நட்டுக்கிட்டு நிக்கும் பாரு, அது புதுசு. ஆனா மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். வருசம் பூரா வளந்தாலும் அர சாண். கல்யாணத்துக்கு நாள் குறிச்ச மாதிரி முடிக்கு நாள் குறிக்காத.

இதுலதான் எண்ண விக்கவன் சாமர்த்தியம் இருக்கு. நீ நாலாம் மாசம் அழுவ. அஞ்சாம் மாசம் எண்ண வாங்குவ. எட்டாம் மாசம் கொட்டுதது தானா நிக்கும். ‘பாத்தியா நம்ம எண்ணய’ன்னு அவன் மீச முறுக்குவான். வந்தா எண்ணக்கிப் பேரு, வரலன்னா ஒன் தலைக்கிக் கேடு. அவனுக்கு ரெண்டு பக்கமும் லாபம்லா?

அந்தப் பயோட்டின் மிட்டாய வேற அரை டஜன் மெல்லுத. பயோட்டின் கொறஞ்சவனுக்குத்தான் அது பிரயோசனம். ஒனக்குக் கொறஞ்சிருக்கா? பாத்தியா? அமெரிக்காவுல மருந்தக் கண்காணிக்குத எஃப்.டி.ஏ. 2017-லயே எச்சரிச்சிருக்கு. அது நெறைய உள்ள போனா ரத்தப் பரிசோதனையே பொய் சொல்லுமாம். மாரடைப்பு வந்தவனுக்குப் பாக்குத ட்ரோபோனின்கூட கம்மியாக் காட்டுமாம். முடிக்குத் தின்ன மிட்டாய் நெஞ்சுவலிய மறைச்சா நல்லாவா இருக்கும்? திங்கதா இருந்தா டாக்டர்கிட்டயும் லேபுலயும் வாயத் தொறந்து சொல்லு. துத்தநாக மாத்திரையும் அப்படித்தான். இஷ்டத்துக்கு முழுங்குனா ஒடம்புல தாமிரம் கொறையும். ஒண்ணச் சரி பண்ணப் போயி ஒண்ணக் கெடுக்காத.

அப்பம் என்னதான் செய்ய தாத்தான்னு கேக்க. தின்னுலே! வயித்தச் சுருக்குனது பட்டினி கெடக்கவா?

முடிங்கது புரதம். ஒன்னப் போல ஆபரேஷன் பண்ணுனவனுக்கு நாளைக்கு 60 கிராமாவது புரதம் உள்ள போவணும்னு சொல்லுதாங்க. நீ என்ன திங்க? காலையில கஞ்சி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி ரெண்டு பிஸ்கட். இதுல முடி எங்கருந்து வரும்? ஒரு முட்டையில ஆறு கிராம். நூறு கிராம் சாளையிலயோ சூரையிலயோ இருவது கிராம் கிட்ட இருக்கு. வாசல்ல சாளை வந்து எறங்குது. நீ சீமையிலருந்து வந்த டப்பாவுல பவுடரக் கரைக்க! ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல தண்ணியாத்தான் குடிக்கணும், அப்பம் பவுடரு சரி. வயிறு ஆறி, டாக்டரு மீன் திங்கலாம்னு சொன்ன பொறவும் டப்பாவையே கட்டிக்கிட்டு அழுதா எப்படி?

தட்டுல மொதல்ல மீனத் தின்னு. சோத்த ஒதுக்கு. எடம் இருந்தா சோறு, இல்லன்னா கெடக்கட்டும். பைய மென்னு தின்னு, முள்ளு பாத்துத் தின்னு. திங்கும்போது தண்ணி குடிக்காத. அர மணி நேரம் கழிச்சுக் குடி. எண்ணயில முக்கிப் பொரிக்காத, கொழம்புல போடு. மீன் ஆவாதவங்களுக்கு முட்டை இருக்கு, பருப்பு இருக்கு, பயறு இருக்கு, பன்னீரு இருக்கு. உடன்குடி கருப்பட்டில இரும்புச்சத்து இருக்குன்னு எவனாவது சொன்னான்னு கட்டி கட்டியாக் கடிக்காத. கருப்பட்டியும் இனிப்புதான். குடலத் திருப்பி வச்சுத் தைக்குத பைபாஸ் ஆபரேஷன் பண்ணுனவன் தின்னா நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேத்து ஊத்தி, வயிறு கலக்கிரும்.

டாக்டரு எழுதிக் குடுத்த சத்து மாத்திரைய எங்க வச்சிருக்க? டிவி பொட்டிக்குப் பொறத்தால தூசி படிஞ்சு கெடக்கு. மிட்டாய் திங்கத் தெரியுது, மாத்திர முழுங்கத் தெரியல. இந்த ஆபரேஷன் பண்ணுனவங்க சத்து மாத்திரைய ஆயுசு பூரா விடக் கூடாது. இரும்பு மாத்திரையவும் கால்சியம் மாத்திரையவும் ஒண்ணாப் போடாத. ரெண்டு மணி நேரமாவது எடவெளி விடு. இரும்பு மாத்திரைய டீயோட முழுங்காத, டீ அத ஒட்ட விடாது. சொன்ன தேதிக்குப் போயி ரத்தம் குடு. ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், துத்தநாகம், தைராய்டு, டி வைட்டமின் எல்லாம் பாக்கச் சொல்லு. எண்ணக்கிக் குடுக்குத துட்டுல இது எம்புட்டோ மேலு.

எல்லாத்துக்கும் பொறுத்துக் கெடன்னும் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசத்துக்குப் பொறவு புதுசாக் கொட்ட ஆரம்பிச்சாலோ, ஒரு வருசம் தாண்டியும் நிக்கலன்னாலோ, அது சத்துக் கொறைவா இருக்கலாம். ஓடிப் போயி டாக்டரப் பாரு. வட்டம் வட்டமாச் சொட்ட விழுந்தாலும் பாரு. நிக்காம வாந்தி வந்தா, கால் மரத்துப் போனா, நடை தள்ளாடுனா, அது முடிச் சங்கதியே இல்ல. ஒரு நாளும் தாமசிக்காத. வைட்டமின் பி1 வத்திப் போனா நரம்பையும் மூளையையும் அடிக்கும். முடி திரும்ப வரும். நரம்பு அப்படி வராது.

இன்னொண்ணு. ஒங்க அப்பன் தலைய நல்லாப் பாத்துக்க. ஒங்க தாத்தன் படத்தையும் பாத்துக்க. நெத்தி ஏறுதது ஒங்க வம்சத்துச் சொத்து. இந்தக் கொட்டுல அதுவும் சேந்து வெளிய வந்திருந்தா ஆபரேஷன் மேல பழி போடாத. அது ஒனக்கு எழுதி வச்ச பங்கு.

மொட்ட அடிச்சா கெட்டியா வளரும்னு ஒருத்தன் சொல்லுவான். திருச்செந்தூர்ல முருகனுக்கு நேந்தவன் அடிக்கட்டும், வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்தவனும் அடிக்கட்டும். அது நேச்ச. வேருக்கும் கத்திக்கும் பேச்சுவார்த்த கெடையாது. மொட்ட அடிச்சா மொட்ட நுனி தடிப்பாத் தெரியும், அம்புட்டுத்தான். அசிங்கமா இருக்குன்னு தோணுனா ஒட்ட வெட்டிக்க. பொம்பளப் பிள்ளைகளா இருந்தா இறுக்கிப் பின்னாம விடுங்க. இந்தப் பக்கத்து நாலு முடிய அந்தப் பக்கம் இழுத்து ஒட்டாத. நம்ம ஊர் காத்து அத எழுப்பிக் கொடியேத்திரும்.

டெல்லி அரசியல்வாதி நிதின் கட்கரி 2011-ல எட கொறைக்குத ஆபரேஷன் பண்ணுனாரு. அருண் ஜெட்லி 2014-ல பண்ணுனாரு. நாடாளுமன்றத்துல எவனாவது எந்திரிச்சு, ஐயா சீப்புல இன்னைக்கு எத்தன முடின்னு கேட்டானா? அவங்க பாட்டுக்கு மந்திரியா இருந்து கணக்கு வழக்கப் பாத்தாங்க, ரோடு போட்டாங்க. ஒனக்கு மட்டும் என்ன?

செப்டம்பர் 14 வருது. சிலுவ மகிமைத் திருவிழாவுக்கு ஊரே கூடும். கொழும்புலருந்து வருவான், பம்பாயிலருந்து வருவான். எவனாவது ஒரு மாமன் ஒன் தலையத் தடவி, ‘என்ன மருமவனே, எல்லாம் போச்சா?’ன்னு நாலு பேரு முன்னால சிரிப்பான். ஓடி ஒளியாத. அவன் சட்டப் பித்தான் தெறிக்கப் போவுத எடத்த ஒரு பார்வ பாரு. ‘இது அடுத்த திருவிழாவுக்குள்ள வந்துரும் மாமா, ஒங்களுக்கு அது எப்பம் போவும்?’னு கேளு.